வீடு முதலிலா, பள்ளி முதலிலா?

கேள்வி: என் கணவருக்கு வேறு நகரத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது. மூன்று மாதத்தில் போய்ச் சேர வேண்டும். மகனுக்கு 7 வயது, மகளுக்கு 14 மாதம். மகளை இப்போது மாமியார் பார்த்துக்கொள்கிறார். அவரால் நிரந்தரமாக எங்களோடு வர முடியாது. எனக்கும் அங்கே வேலை கிடைத்துவிட்டது. ஆனால் கணக்குப் போட்டால் என் சம்பளத்தில் பாதிக்கு மேல் காப்பகத்துக்கே போகிறது. பேசாமல் வேலையை விட்டுவிடலாமா? நகரின் ஓரத்தில் வாடகை குறைவான வீடு ஒன்று பார்த்திருக்கிறோம், அட்வான்ஸ் கொடுக்கலாமா? பணம் போதாவிட்டால் மகனின் மேற்படிப்புக்குச் சேர்த்ததில் கைவைக்கலாமா?

பதில்: அட்வான்ஸை இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். வீடு பிடித்த பிறகு பள்ளியைத் தேடிக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் போகிறார்கள். உங்கள் வீட்டில் 14 மாதக் குழந்தை இருப்பதால் வரிசையை மாற்றச் சொல்கிறேன். முதலில் மகளுக்குக் காப்பகம், அடுத்து மகனுக்குப் பள்ளி, கடைசியில் வீடு.

காரணம் இருக்கிறது. வாடகை வீடு எப்போதும் ஏதாவது ஒன்று காலியாகும். கைக்குழந்தைக்கான இடம் அப்படிக் கிடைக்காது. இரண்டு வயதுக்குக் கீழே மூன்று, நான்கு குழந்தைகளுக்கு ஒரு பணியாளர் இருக்க வேண்டும் என்று பல நாடுகளில் விதி. மூன்று வயதைத் தாண்டினால் ஒருவரே எட்டு, பத்துப் பேரைப் பார்த்துக்கொள்ளலாம். அதனால்தான் சின்னக் குழந்தைக்கு இடமும் குறைவு, கட்டணமும் அதிகம். நல்ல காப்பகங்களில் காத்திருப்போர் பட்டியல் மாதக்கணக்கில் நீளும். மூன்று மாதம் இருக்கிறதே என்று விடாமல் இந்த வாரமே நான்கைந்து இடங்களில் பெயரைப் பதிந்துவையுங்கள். பதிவுக் கட்டணம் கேட்டால், இடம் கிடைக்காவிட்டால் திரும்பத் தருவார்களா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

மகன் விஷயத்தில், குடியிருக்கும் முகவரியை வைத்துத்தான் அரசுப் பள்ளியில் இடம் தருவார்களா என்பதை முதலில் விசாரியுங்கள். பல நகரங்களில் அப்படித்தான். அங்கே வீட்டைத் தேர்ந்தெடுத்தாலே பள்ளியையும் தேர்ந்தெடுத்த மாதிரி. நல்ல பள்ளி இருக்கும் வட்டாரத்தில் வாடகை கூடத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கூடுதல் வாடகை, தனியார் பள்ளிக் கட்டணத்தையும் வேன் செலவையும்விடக் குறைவாக இருந்தால் லாபம் உங்களுக்குத்தான். ஆக, வீட்டு வாடகையைத் தனியாகப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முகவரிக்கும் வாடகை, பள்ளிக் கட்டணம், காப்பகக் கட்டணம், நாலு பேரின் போக்குவரத்து ஆகியவற்றைக் கூட்டி எழுதிப் பாருங்கள். ஓரத்து வீடு அந்தக் கூட்டலில் தோற்றுப்போகலாம்.

மாலையில் ஐந்தரைக்கு அலுவலகத்தில் கிளம்பி, ஒன்றேகால் மணி நேரம் பயணம் செய்து, ஆறரைக்கு மூடும் காப்பகத்துக்கு எப்படி வந்து சேர்வீர்கள்? தாமதமாக அழைத்தால் பெரும்பாலான இடங்களில் தனிக் கட்டணம் உண்டு, சில இடங்களில் கால் மணிக்கு இவ்வளவு என்று. வாரத்தில் மூன்று நாள் அப்படியானால் மலிவு வாடகையின் மிச்சம் அங்கேயே கரைந்துவிடும். காப்பகம் வீட்டுக்குப் பக்கத்திலோ, உங்கள் இருவரில் சீக்கிரம் கிளம்பக்கூடியவரின் அலுவலகத்துக்குப் பக்கத்திலோ இருக்கட்டும்.

கட்டணச் சீட்டை வாங்கினால் மேலே பெரிதாக இருக்கும் மாதத் தொகையோடு நிறுத்திவிடாதீர்கள். சேர்க்கைக் கட்டணம், திரும்பக் கிடைக்கும் முன்பணம், சாப்பாடு, டயபர், வேன் எல்லாம் கீழே தனித்தனியாக இருக்கும். சீட்டில் இல்லாத மூன்றைக் கேளுங்கள். ஆண்டில் எத்தனை நாள் மூடுவார்கள், அந்த நாட்களுக்கும் கட்டணமா? குழந்தைக்குக் காய்ச்சல் வந்து வராமல் போனால் கழிப்பார்களா? நிறுத்துவதென்றால் எத்தனை வாரம் முன்னதாகச் சொல்ல வேண்டும்? ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். புது ஊரில் முதல் ஆண்டு அந்தத் தள்ளுபடி வேண்டாம். குழந்தைக்கு இடம் ஒத்துக்கொள்ளாவிட்டால் மாற்ற வேண்டிவரும், கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

சளி, காய்ச்சலையும் கணக்கில் சேர்க்கச் சொல்வேன். சின்னக் குழந்தைக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது சாதாரணம். காப்பகத்துக்குப் போகும் முதல் வருடம் இன்னும் கூடும். அந்த நாட்களில் யாராவது லீவு போட்டாக வேண்டும், புது வேலையில் லீவோ கையில் இருக்காது. இது போதாதென்று, சேர்ந்த முதல் ஒன்றிரண்டு வாரம் குழந்தையை ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்றுதான் பழக்குவார்கள். அதனால் நீங்கள் வேலையில் சேரும் தேதியை ஒரு இரண்டு வாரம் தள்ளிக் கேளுங்கள். அப்புறம், மாமியாரால் நிரந்தரமாகத்தானே வர முடியாது? முதல் ஒன்றரை மாதம் வந்து இருக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கு ஆகும் பயணச் செலவுதான் இந்த மாற்றலிலேயே மிகப் பயனுள்ள செலவு.

இனி உங்கள் வேலை. சம்பளம் 100 என்றால் காப்பகத்துக்கும் மகனைப் பள்ளி விட்டபின் பார்த்துக்கொள்வதற்கும் 55 போய், கையில் 45 நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். “45-க்காகவா இந்த ஓட்டம்?” என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். ஆனால் காப்பகக் கட்டணத்தை ஏன் உங்கள் சம்பளத்தில் மட்டும் கழிக்கிறீர்கள்? குழந்தை இருவருக்கும்தானே? இரண்டு சம்பளத்தையும் கூட்டி, அதில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள், படம் மாறிவிடும். மகளுக்கு மூன்று வயதானால் கட்டணம் இறங்கும். சுமார் இரண்டு ஆண்டு நெருக்கடிக்காக வேலையை விட்டால், திரும்பும்போது பழைய சம்பளத்திலேயே கிடைக்கும் என்ற நிச்சயம் இல்லை. அந்த ஆண்டுகளின் சம்பள உயர்வும், ஓய்வுக்கால நிதியில் சேர வேண்டியதும் போய்விடும். வீட்டில் இருக்க விருப்பம் என்றால் அது வேறு, தாராளமாக இருங்கள். பணத்துக்காக மட்டும் விடுவதென்றால் விட வேண்டாம் என்பேன். முழுநேரம் கஷ்டமென்றால் முதல் ஆறு மாதம் குறைந்த நேரம் கேட்டுப் பார்க்கலாம்.

கணவரின் நிறுவனத்திடமும் வாயைத் திறந்து கேளுங்கள். சாமான் ஏற்றும் செலவைத் தருகிறவர்கள், கேட்டால் முதல் மாதத் தங்குமிடத்தையும் பள்ளிச் சேர்க்கைக் கட்டணத்தையும் சில சமயம் தருவார்கள். அவர்கள் தரும் தொகைக்கு வரி உண்டா, காப்பகச் செலவுக்கு வரிச் சலுகை உண்டா என்று சம்பளப் பிரிவில் விசாரித்துவிடுங்கள். முதல் மாதம் தற்காலிகத் தங்குமிடம் கிடைத்தால், காப்பகம் உறுதியான பிறகு நிதானமாக வீடு பார்க்கலாம்.

கிளம்புமுன் மகனின் மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், இருவரின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள். லாரியில் ஏறும் பெட்டியில் வேண்டாம்.

மகனின் படிப்புப் பணத்தைத் தொடாதீர்கள். இது இடமாற்றச் செலவு, அவசரகால இருப்பிலிருந்து எடுங்கள். ஆறு மாதச் செலவுக்கான இருப்பு இருந்தால் மூன்று மாதம் மிச்சமிருக்கும்வரை எடுக்கலாம். எடுத்ததை அடுத்த ஒன்றரை ஆண்டில் மாதத் தவணைபோல் நிரப்பிவிடுங்கள். அப்படியும் போதாவிட்டால் கணவரின் நிறுவனத்தில் வட்டியில்லாத முன்பணம் கேளுங்கள். கிரெடிட் கார்டில் சேர்க்கைக் கட்டணத்தைத் தேய்த்துவிட்டு, பிறகு பார்க்கலாம் என்று மட்டும் இருக்காதீர்கள்.