வளர்சிதைப் பொருள்கள் புற்றுநோயில் சமிக்ஞையாக வேலை செய்வது எப்படி?

சர்க்கரையை எரிக்கும்போது வரும் இடைப்பொருள்கள் செல்லுக்குக் கட்டளையும் இடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இடும். நல்ல உதாரணம் ஐடிஹெச்1 நொதி. அதன் 132ஆம் இடத்தில் இருக்கும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் வேறொன்றாக மாறிவிட்டால், ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட் என்ற இடைப்பொருளை 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட்டாக மாற்ற ஆரம்பித்துவிடும். இது 2009இல் தெரியவந்தது. இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே உருவம். ஒரு கீட்டோன் மட்டும் ஹைட்ராக்சிலாகியிருக்கும், அவ்வளவுதான். அதனால் டிஎன்ஏவின் மீத்தைல் குறிகளை (எந்த மரபணு வேலை செய்யலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் வேதிக் குறிகள்) நீக்கும் டெட் நொதிகளில் ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டின் இடத்தை 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட் பிடித்துக்கொண்டு அவற்றை முடக்கும். குறிகள் நீங்காமல் சேரும். செல் முதிர்ச்சி அடையாமலே பெருகும்.

சக்சினேட் என்ற இன்னொரு இடைப்பொருள் தேங்கினாலும் ஏறக்குறைய இதே கதைதான். கூடவே, ஆக்சிஜன் குறையும்போது வேலை செய்யும் ஹிஃப்-1 புரதம், ஆக்சிஜன் இருக்கும்போதே இல்லாததுபோல விழித்துக்கொள்ளும். அப்புறம் சர்க்கரை உடையும்போது வரும் லாக்டேட், அது செல்லுக்கு வெளியே போய் செல்களின் மேற்பரப்பில் சமிக்ஞையை வாங்கும் ஜிபிஆர்81 ஏற்பியைத் தூண்டும்.

எனக்குப் பெரிய நம்பிக்கை தருவது ஐவோசிடெனிப். மாறிய ஐடிஹெச்1ஐத் தடுக்கும் இந்த மருந்துக்கு 2018இல் அமெரிக்காவில் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது.