டிக்கி மூடியை அழுத்தினால்தான் திறக்கிறது: சத்துவாச்சாரி நண்பருக்குப் பதில்

வணக்கம் சார். உங்கள் செடானில் லீவரை இழுத்தால் மட்டும் டிக்கி திறப்பதில்லை, இன்னொருவர் மூடியை அழுத்தினால்தான் விடுகிறது, திறந்தாலும் மேலே நிற்காமல் விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். பூட்டை மாற்ற அவசரப்படாதீர்கள்.

டிக்கி திறந்திருக்கும்போதே ஸ்க்ரூடிரைவரால் பூட்டின் கொக்கியை மூடிய நிலைக்குத் தள்ளிவிட்டு, லீவரை இழுங்கள். கொக்கி பட்டென்று விட்டால் பூட்டும் கேபிளும் நன்றாகவே இருக்கின்றன. கொக்கி போய் மாட்டும் வளையம்தான் இடம் நகர்ந்திருக்கும். பின்பக்கம் லேசாக இடி வாங்கிய வண்டிகளில் இது சகஜம். போல்ட்டைத் தளர்த்தி ஒரு மயிரிழை நகர்த்தினால் போதும். டிக்கி ஓரத்தில் புதிதாக ரப்பர் பீடிங் (தண்ணீர் புகாமல் தடுக்கும் பட்டை) போட்டிருந்தாலும் மூடி இப்படி இறுகும்.

கொக்கி விடவில்லையா? வேலூர் வெயிலில் பழைய கிரீஸ் காய்ந்து புழுதியோடு இறுகியிருக்கும். டபிள்யூடி-40 ஸ்பிரே அடித்து அழுக்கைத் துடைத்துவிட்டு, அப்புறம் லித்தியம் கிரீஸ் தடவுங்கள். ஸ்பிரே மட்டும் அடித்தால் சீக்கிரம் மறுபடி இறுகும். அதற்கும் சரியாகவில்லை என்றால் கேபிள் தளர்ந்திருக்கலாம். ஒன்று முக்கியம்: கொக்கி மூடிய நிலையில் இருக்கும்போது டிக்கியை அடித்துச் சாத்திவிடாதீர்கள், பூட்டு வளைந்துவிடும்.

மூடி விழுவதற்குக் காரணம், பெரும்பாலும் கீல் பக்கம் குறுக்கே ஓடி மூடியைத் தாங்கும் முறுக்குக் கம்பிகள் தளர்ந்தது அல்லது இடம் நழுவியதுதான். அவற்றில் விசை அதிகம், நழுவினால் கையைப் பதம் பார்த்துவிடும். தயவுசெய்து மெக்கானிக்கிடமே விடுங்கள். அதுவரை சாமான் ஏற்றும்போது ஒருவர் மூடியைப் பிடித்துக்கொள்ளட்டும்.