சி++ தரக்குழுவில் சேரலாமா?

கேள்வி: சி++ நிரல் மொழியின் தரத்தை வகுக்கும் குழுவில் தன்னார்வலராகப் பங்கெடுக்க ஆசை. ஆனால் அவர்கள் எதை முடிவு செய்தாலும் இணையத்தில் வசவுதான் விழுகிறது. சேரலாமா? எதில் தொடங்குவது?

பதில்: தாராளமாகச் சேருங்கள். சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் கீழ் இயங்கும் அந்தக் குழு யாருக்கும் சம்பளம் தருவதில்லை. 2011 முதல் மூன்றாண்டுக்கு ஒரு பதிப்பு வெளியாகிறது.

எடுத்த எடுப்பில் புதிய வசதி கேட்டு எழுதாதீர்கள். தர ஆவணத்தில் முரணான ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடித்து, அதைக் காட்டும் பத்து வரி நிரலோடு திருத்தம் அனுப்புங்கள். பிறகு முன்மொழிவு எழுதலாம். அதற்குக் கம்பைலரில் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளில்) ஓடும் மாதிரி வேண்டும். கூட்டத்தில் எடுத்துப் பேச ஆள் இல்லாவிட்டால் நல்ல முன்மொழிவும் தேங்கிவிடும். வாக்கெடுப்பு ‘மிக ஆதரவு’ முதல் ‘கடும் எதிர்ப்பு’ வரை ஐந்து நிலை கொண்டது. வெறும் பெரும்பான்மை போதாது.

விமர்சனத்தைப் பிரித்துப் பாருங்கள். ஒரு மதிப்பைத் தந்துவிட்டு நடுவில் நிற்கும் செயற்கூறுக்காகச் சேர்த்த ‘கோ_யீல்டு’ என்ற சொல் அசிங்கம் என்றார்கள். வெறும் ‘யீல்டு’ என்று வைத்திருந்தால், வருவாய் விகிதம் என்ற பொருளில் அதையே மாறியின் பெயராக வைத்திருக்கும் நிதித்துறை நிரல்கள் உடைந்திருக்கும். இந்தக் காரணத்தைப் பொறுமையாக, ஒரே ஒரு முறை எழுதுங்கள். உரையில் வடிவங்களைத் தேட உதவும் ரெஜெக்ஸ் நூலகம் மெதுவானது என்ற குறையோ நியாயமானது. உள்ளமைப்பை மாற்றினால் முன்பே தொகுத்த பைனரிகள் (இயந்திர மொழிக் கோப்புகள்) புதியவற்றோடு இணையாது என்பதால்தான் அது அப்படியே நிற்கிறது; அதை மறைக்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். நிரலோ அளவீடோ இல்லாத ஏச்சுக்குப் பதிலே வேண்டாம்.