குளிரில் வண்டி நின்றபடி ஓடும்போது என்ஜின் வெப்பநிலை ஏன் இறங்குகிறது?

கேள்வி இதுதான்: கடுங்குளிரில் ஓட்டும்போது வெப்பநிலை முள் நடுவில் அசையாமல் இருக்கிறது. சிக்னலிலோ வாசலிலோ என்ஜினை அணைக்காமல் சில நிமிடம் நின்றால் முள் மெல்ல இறங்குகிறது, கிளம்பியதும் ஏறிவிடுகிறது. தெர்மோஸ்டாட்டை (என்ஜினைக் குளிர்விக்கும் நீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா?

அவசரப்படாதீர்கள். அடுத்த முறை முள் இறங்கும்போது, நின்ற இடத்திலேயே ஹீட்டரின் ஊதுவிசிறியை முழுவதுமாக நிறுத்திவிட்டுச் சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள். முள் பழைய இடத்துக்குத் திரும்பினால், வெப்பத்தை எடுத்துக்கொண்டது ஹீட்டர்தான். என்ஜினில் பெரும்பாலும் கோளாறு இல்லை.

ஹீட்டர் என்பது டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு சிறிய ரேடியேட்டர். என்ஜினைச் சுற்றிவந்த சூடான கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் நீர், அதன் மெல்லிய குழாய்களில் ஓடுகிறது. ஊதுவிசிறி அதன் வழியே காற்றைத் தள்ளி உள்ளே அனுப்புகிறது. முன்னால் இருக்கும் பெரிய ரேடியேட்டருக்குக் காவல் தெர்மோஸ்டாட். அதன் உள்ளிருக்கும் மெழுகு, பொதுவாக 82 முதல் 90 டிகிரி செல்சியஸுக்குள் உருகி விரிந்து வால்வைத் திறக்கும். அதற்குக் கீழே இறங்கினால் மூடிக்கொள்ளும். ஆனால் பெரும்பாலான கார்களில் ஹீட்டருக்குப் போகும் பாதை இந்தக் காவலுக்கு உட்பட்டதல்ல. தெர்மோஸ்டாட் கச்சிதமாக மூடியிருந்தாலும் ஹீட்டர் வழியாக வெப்பம் போய்க்கொண்டே இருக்கும்.

எவ்வளவு போகிறது என்று தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நின்றபடி ஓடும் சிறிய பெட்ரோல் என்ஜின் மணிக்கு 0.8 லிட்டர் எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் உண்டு. ஆக, எரிபொருளிலிருந்து கிடைப்பது மொத்தம் 7 கிலோவாட். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கூலன்ட்டுக்குச் சேரும், அதாவது இரண்டரை கிலோவாட்டுக்கும் குறைவு. மீதியில் பெரும்பகுதி புகையோடு வெளியேறிவிடும். இப்போது செலவைப் பாருங்கள். வெளியே மைனஸ் 10 டிகிரி. ஊதுவிசிறி மணிக்கு 200 கன மீட்டர் வெளிக்காற்றை இழுத்து 50 டிகிரிக்குச் சூடாக்கினால், அதற்கு மட்டும் 4 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். வரவை மிஞ்சிய செலவு. முள் இறங்காமல் என்ன செய்யும்?

அதே வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்து ஓடும்போது மணிக்கு 4 லிட்டர் எரிக்கிறது. நின்றபோது எரித்ததைப்போல ஐந்து மடங்கு. ஹீட்டர் கேட்பதைக் கொடுத்த பிறகும் வெப்பம் மிஞ்சும். அதனால்தான் கிளம்பியதும் முள் ஏறுகிறது. டீசல் என்ஜினில் இந்த இறக்கம் இன்னும் அதிகமாகத் தெரியும். நின்றபடி ஓடும்போது அது மிகக் குறைந்த எரிபொருளை, தேவைக்கு மிக அதிகமான காற்றோடு எரிக்கிறது. குளிர் நாடுகளில் விற்கப்படும் பல டீசல் கார்களில் மின்சாரத் துணை ஹீட்டர் வைத்திருப்பது இதற்காகத்தான்.

தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் அறிகுறி நேர்மாறாக இருக்கும். நெடுஞ்சாலையில் எதிர்காற்று ரேடியேட்டரை அறையும்போது முள் இறங்கும். நின்றால் சற்று ஏறும். இதைக் கவனிக்காமலே தெர்மோஸ்டாட்டைக் குற்றம் சொல்வதுதான் எனக்குப் பெரிய மனக்குறை. சந்தேகம் தீரவில்லையென்றால் காலையில் குளிர்ந்த என்ஜினை ஓடவிட்டு, விசிறியிலும் பெல்ட்டிலும் கை படாமல், ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டுப் பாருங்கள். (தெர்மோஸ்டாட் கீழ்க்குழாய்ப் பக்கம் இருக்கும் வண்டிகளில் கீழ்க்குழாயைத் தொட வேண்டும்.) என்ஜின் சூடேறும் வரை அது சில்லென்றே இருந்து, பிறகு திடீரென்று சூடாக வேண்டும். முதல் நிமிடங்களிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பாகிக்கொண்டு வந்தால் வால்வு சரியாக மூடவில்லை. அப்போது தாராளமாக மாற்றுங்கள். ஊதுவிசிறியை நிறுத்தியும் முள் ஏறவில்லை என்றாலும் இதையே பாருங்கள். கூடவே ரேடியேட்டர் விசிறி ஓயாமல் சுற்றுகிறதா என்பதையும் பாருங்கள்.

நான் உண்மையில் அஞ்சுவது வேறொன்றை: கூலன்ட் குறைந்திருப்பது. ஹீட்டரின் காற்றே இதைக் காட்டிக்கொடுத்துவிடும். வண்டி நின்ற உடனே காற்று சில்லிட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்திய கணமே மறுபடி சூடாக வந்தால், உள்ளே காற்றுக் குமிழி சேர்ந்திருக்கிறது, அல்லது நீர் பம்ப் தேய்ந்திருக்கிறது. இயல்பான குளிர்ச்சி இப்படி நொடியில் வராது, மெல்லத்தான் வரும். கூலன்ட் குறைந்த வண்டியில் சென்சார் நீரில் மூழ்காமல் காற்றில் நிற்கலாம். என்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் கீழே இருக்கும். அதை நம்பி ஓட்டினால் என்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். ஆகவே என்ஜின் நன்றாக ஆறிய பிறகு கூலன்ட் அளவைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் நீர் முகத்தில் பீறிடும்.

முள்ளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல புதிய கார்களில் அது உண்மையான வெப்பநிலையை அப்படியே காட்டுவதில்லை. ஏறக்குறைய 75 டிகிரியிலிருந்து 105 வரை நடுவிலேயே நிற்கும்படி வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட வண்டியில் முள் அசைந்தது கண்ணுக்குத் தெரிகிறதென்றால், உள்ளே இறக்கம் பெரியது. வண்டியின் கணினியிலிருந்து அளவுகளையும் கோளாறுக் குறியீடுகளையும் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றைச் செருகினால் உண்மையான எண்ணையே பார்க்கலாம். அதில் பி0128 என்ற குறியீடு வந்தால், எதிர்பார்த்த வெப்பநிலையை என்ஜின் எட்டவில்லை என்று பொருள். அப்போது தெர்மோஸ்டாட்டின் மீது சந்தேகப்படுவது நியாயம்.

ரேடியேட்டருக்கு முன்னால் அட்டை வைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். உங்கள் வண்டிக்கு அதனால் பெரிய பயன் இல்லை. வெப்பம் போவது அந்த வழியாக அல்ல. எடுத்துவிட மறந்தால் பிறகு என்ஜின் கொதிக்கும் அபாயம் வேறு. நிற்கும்போது ஊதுவிசிறியின் வேகத்தைக் குறையுங்கள். உள்காற்றையே சுழலவிட்டாலும் ஹீட்டரின் சுமை குறையும், ஆனால் கண்ணாடியில் ஆவி படியும்; பார்வை மறைந்தால் உடனே வெளிக்காற்றுக்கு மாறிவிடுங்கள்.

காலையில் சூடேற்றுவதற்காக வெகுநேரம் நின்றபடி ஓடவிடுவதும் வேண்டாம். குளிர்ந்த என்ஜினில் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். அரை நிமிடம், ஒரு நிமிடம் போதும். பிறகு மிதமான வேகத்தில் ஓட்டினால் நிற்பதைவிடச் சீக்கிரம் சூடாகும். பனி கொட்டும் இடத்தில் ஹீட்டருக்காக நின்றே ஆக வேண்டுமென்றால், இறங்கிப் போய்ப் புகைக்குழாயின் வாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பார்த்து அகற்றிவிட்டு வாருங்கள். அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் வரும். அதற்கு வாசனையே கிடையாது.