பிரிட்டனில் பார்லிமென்ட் வந்த காலத்திலேயே எல்லாருக்கும் ஓட்டு இருந்ததா?

இல்லவே இல்லை. பரீட்சைக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், அதனால் முதலில் விடை. கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) தொகுதிகளில் 1430 முதல் 1832 வரை, வருஷம் 40 ஷில்லிங் (2 பவுண்டு) வருமானம் தருகிற சொந்த நிலம் இருந்தால்தான் ஓட்டு. நகரத் தொகுதிகளில் ஊருக்கு ஒரு விதி. சில ஊர்களில் தனி அடுப்பு வைத்துப் பொங்கித் தின்கிற ஆண் என்றாலே போதும். 1872 வரை ரகசிய ஓட்டும் கிடையாது.

சரி, இதற்கு நான் ஏன் பதில் எழுதுகிறேன் என்றால், சவுத்தாம்ப்டனில் வேலை பார்த்தபோது கூட இருந்த வெள்ளைக்காரர் ஒருவர், "ஓட்டுப் போடவே நாங்கள்தானே உங்களுக்குக் கற்றுக்கொடுத்தோம்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே சாலிஸ்பரி பக்கம் ஓல்ட் சாரம் போய்ப் பார்த்தேன். ஒரு மேடு, அகழி, இடிந்த சுவர், காதை அடைக்கிற காற்று, அவ்வளவுதான் ஊர். இந்த மேட்டுக்கு 1832 வரை 2 எம்.பி.! அதே காலத்தில் மான்செஸ்டர் நகரத்துக்கென்று ஒருவர்கூட இல்லை. எங்களுக்கும் எம்.பி. வேண்டும் என்று 1819-ல் அங்கே கூடிய ஜனங்கள்மேல் குதிரைப்படையை ஏவினார்கள்.

ஓல்ட் சாரத்தை வாங்கிப் போட்டவர் தாமஸ் பிட். இந்திய வியாபாரத்தில் சம்பாதித்தவர், பிறகு 1698-ல் நம் சென்னைக் கோட்டைக்கே கவர்னராக வந்தார். அவர் பேரன் வில்லியம் பிட் 1735-ல் எம்.பி. ஆனது இந்த மேட்டிலிருந்துதான், அப்புறம் பிரதமரும் ஆனார். திங்கட்கிழமை அந்தக் கூட வேலை பார்த்தவரிடம் இதையெல்லாம் சொன்னேன். "டீ சாப்பிடலாமா?" என்றார் மனுஷன்.

வெள்ளைக்காரன்மேல் வன்மம் என்று யாரும் கமென்டில் வர வேண்டாம். திருத்திக்கொண்டார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1832 சட்டமே நகரங்களில் வருஷம் 10 பவுண்டு வாடகை மதிப்புள்ள வீடு கேட்டது, 'ஆண்' என்று எழுதிப் பெண்களை வெளியே நிறுத்தியது. ஆணுக்குச் சமமாகப் பெண்ணுக்கு ஓட்டு வந்தது 1928-ல்தான்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். காமன்வெல்த் நாட்டுக்காரன் என்பதால் விசாவில் இருந்த எனக்கே அங்கே பொதுத்தேர்தலில் ஓட்டு உண்டு, தபாலிலேயே போட்டேன். சொந்த ஊரில் போட விமானம் ஏறி வரவேண்டும். 2019-ல் கடன் வாங்கி டிக்கெட் போட்டு வந்தேன், பட்டியலில் என் பெயர் இல்லை. செத்து 6 வருஷமான தாத்தா பெயர் மட்டும் படத்தோடு இருந்தது.