பால் காளானுக்கு எந்த மேல்மண்? கேள்வி பதில்

வைக்கோலைப் பையில் அடைத்துச் செய்யும் காளான் படுக்கைமீது போடும் மேல்மண்ணைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். வளர்ப்போர் கேசிங் என்று சொல்வதும் இதைத்தான். மண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: காளானுக்கான சோறு கீழே வைக்கோலில் இருக்கிறது, மேல்மண் அதன் தண்ணீர்ப் பானை. உரம் மிகுந்த மண்ணைத் தேடிப் போய்த்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

இரண்டு வருடமாகச் சிப்பிக் காளான் வளர்க்கிறேன். மேல்மண் போட்டதே இல்லை. பால் காளானுக்கு மட்டும் ஏன் தேவை, அம்மா?

சிப்பிக் காளான் பையில் போட்ட துளை வழியே தானாக மொட்டு விட்டுவிடும். பால் காளான் அப்படியல்ல. படுக்கை முழுவதும் வெள்ளையாகப் பூசணம், அதாவது காளானின் இழை, ஓடியிருந்தாலும், மேல்மண் இல்லாவிட்டால் மொட்டு அரிதாகத்தான் வரும். காளானின் எடையில் ஏறக்குறைய தொண்ணூறு சதவீதம் தண்ணீர். அவ்வளவு தண்ணீரையும் தொடர்ந்து கொடுக்க, பையைத் திறந்ததும் காயத் தொடங்கும் வைக்கோலால் முடியாது. மண் ஈரத்தைப் பிடித்து வைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கிறது. மொட்டு விடுவதற்குத் துணை செய்யும் நுண்ணுயிர்களும் அதில் இருக்கின்றன.

எங்கள் வயல் கரிசல். பக்கத்து வயல் செம்மண். எதை எடுக்கலாம்?

இரண்டையும் தனியாக எடுக்காதீர்கள். முதல் வருடம் நான் கரிசலை நன்றாகப் பொடித்து, மாவு போலச் சலித்துப் போட்டேன். பார்க்க அழகாக இருந்தது. நான்காம் நாள் வெடிப்பு விட்டது. வெடிப்பின் அடியில் வைக்கோல் தெரிந்தது. மொட்டுகள் எல்லாம் அந்த வெடிப்புக்குள்ளேயே நெருக்கியடித்துக்கொண்டு, கோணல் மாணலாக, மண் அப்பிக்கொண்டு வந்தன. மணல் கலந்த செம்மண்ணில் வேறு தொல்லை. ஊற்றிய தண்ணீர் நிற்காமல் வைக்கோலுக்கு இறங்கும். ஒரு வாரத்தில் படுக்கை புளித்து வாடை அடிக்கும்.

எனக்கு இன்றுவரை கைகொடுப்பது களி கலந்த தோட்ட மண். கரிசல்தான் கிடைக்கும் என்றால் சரிபாதி ஆற்று மணல் சேருங்கள். மேலே ஓரடி மண்ணை ஒதுக்கிவிட்டு அடிமண்ணை வெட்டினால் வேரும் குப்பையும் குறைவாக இருக்கும். வெள்ளை பூத்த உவர் மண்ணைத் தொடவே வேண்டாம்.

மண்ணை நனைத்து, கைப்பிடிக்குள் இறுக்கிப் பாருங்கள். விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. கையைத் திறந்தால் பிடிகொழுக்கட்டை போல விரல் பதிந்து நிற்க வேண்டும். கட்டைவிரலால் லேசாகத் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் அமுங்கினால் களி அதிகம். பிடிக்கும்போதே சிதறினால் மணல் அதிகம். மாவு போலச் சலிக்காதீர்கள். கொண்டைக்கடலை அளவுக் கட்டிகள் கலந்திருந்தால்தான் காற்று உள்ளே போகும்.

மேல்மண்ணின் புளிப்பைப் போக்கக் கலக்கும் கால்சியம் கார்பனேட் எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. வெற்றிலைச் சுண்ணாம்பு போடலாமா? பள்ளிக்கூடச் சாக்பீஸ்?

இரண்டும் வேண்டாம். நீற்றிய சுண்ணாம்பின் காரம் மிகக் கடுமையானது. பூசண இழையைச் சுட்டுவிடும். சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சத்தால் செய்வது; மண்ணின் புளிப்பை அது போக்காது. முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து மிக்சியில் நைசாக அரையுங்கள். அதில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட்தான். கடையில் வாங்கிய வெள்ளைத்தூளில் சந்தேகம் இருந்தால், ஒரு சிட்டிகைமீது எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் கார்பனேட்.

கிலோ மண்ணுக்கு இந்தத் தூள் 20 கிராம், அதாவது 2 சதவீதம். புளிப்பான மண்ணில் படுக்கையைக் கெடுக்கும் பச்சைப் பூசணம் செழிக்கும், புளிப்பையும் காரத்தையும் காட்டும் பி.எச். அளவு 7.5-க்கு மேல் இருந்தால் பால் காளானுக்குச் சாதகம்.

கிருமிகளைக் கொல்ல மண்ணை இட்லிப் பானையில் அவிக்கலாமா?

தாராளமாக. முதலில் மண்ணை ஈரமாக்குங்கள். காய்ந்த மண்ணுக்குள் சூடு எளிதில் இறங்காது. துணிப்பையில் கட்டி, ஆவி நன்றாக வரத் தொடங்கியபின் ஒரு மணி நேரம் அவியுங்கள். மூடியபடியே ஆறட்டும். ஃபார்மலின் தெளிக்கும் பழைய முறையை வீட்டில் செய்யவே செய்யாதீர்கள். அது புற்றுநோய் விளைவிக்கும் பொருள். குழந்தைகள் நடமாடும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை.

பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிறோம். தென்னை நார்க் கழிவு மலைபோலக் கிடக்கிறது. அதை மட்டும் போட்டால் ஆகாதா?

தண்ணீரைப் பிடித்து வைப்பதில் அதற்கு இணையில்லை. உப்புதான் சிக்கல். புதுக் கழிவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழியுங்கள். தண்ணீர் தேநீர் நிறத்தில் இறங்கும். நிறம் வெளிறும்வரை இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். உப்புக் கிணற்றுத் தண்ணீரில் கழுவிப் பயனில்லை. தனியாகப் போட்டால் மேலே காய்ந்து அடியில் சொதசொதவென்று இருப்பதைப் பார்த்திருக்கிறேன். எனவே பாதிக்குப் பாதி தோட்ட மண் கலந்து, கார்பனேட் சேர்த்து அவித்துப் போடச் சொல்வேன். மண்புழு உரத்தை முதல் முறை வளர்ப்பவர்கள் தவிர்ப்பது நல்லது. சரியாக அவிக்காவிட்டால் ஈ வந்து சேரும்.

கோத்தகிரியில் பட்டன் காளான் முயல்கிறேன். மேல்மண்ணுக்கு வெளிநாட்டுப் பீட் (மக்கிய சதுப்புப் பாசி) வாங்க வேண்டுமா?

வேண்டாம். சதுப்பு நிலத்தில் வருடத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் மட்டுமே சேரும் பொருள் அது. ஐரோப்பியர்களுக்குப் பக்கத்தில் கிடைத்தது, பயன்படுத்தினார்கள். நமக்குக் கழுவிய நார்க் கழிவும் நன்றாக மக்கிய பழைய தொழு உரமும் போதும். பட்டனுக்கு மண் கனம் 3 முதல் 4 செ.மீ. ஒன்றில் கவனம்: கொதிக்க அவிக்காமல், 60 முதல் 65 டிகிரியில் ஆறு மணி நேரம் வையுங்கள். சூடோமோனாஸ் போன்ற நல்ல பாக்டீரியாக்கள் மேல்மண்ணில் பெருகினால்தான் பட்டன் மொட்டு விடும். காய்க்கும் சமயத்தில் 14 முதல் 18 டிகிரி குளிர்ச்சி கேட்கும் காளான் அது. உங்கள் ஊருக்குப் பொருந்தும். சமவெளியில் இருப்பவர்கள் 30 முதல் 35 டிகிரி வெப்பத்தைத் தாங்கும் பால் காளானோடு நிற்பதே நல்லது.

மேல்மண் போட்டுப் பன்னிரண்டு நாள் ஆகிறது. மண்மீது பஞ்சு விரித்ததுபோல வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. ஒரு மொட்டும் இல்லை. மண் தவறா?

மண்மீது பழி போடாதீர்கள். அறைக்குள் காற்றோட்டம் போதவில்லை. கரியமிலவாயு தேங்கினால் பூசணம் மொட்டு விடாமல் படர்ந்துகொண்டே போகும். கழுவிய முள்கரண்டியால் மேல்படலத்தை லேசாகக் கீறிவிடுங்கள். ஜன்னலைத் தினமும் திறங்கள், வெளிச்சமும் படட்டும். புகைபோலத் தெளிக்கும் தெளிப்பானால் காலையும் மாலையும் மண்ணை மட்டும் நனையுங்கள். மண்ணின் கனத்தையும் பாருங்கள்: பால் காளானுக்கு 2 செ.மீ., எல்லா இடத்திலும் ஒரே சீராக. இரண்டாக வெட்டிய அரைப் படுக்கைக்கு முக்கால் கிலோ ஈரமண் சரியாக இருக்கும்.

அறுவடை முடிந்த மண்ணை அடுத்த படுக்கைக்கும் போடலாமா?

கூடாது. மூன்று அறுவடைக்குப் பின் அந்த மண்ணில் ஈயின் முட்டையும் அழுகிய காளான் துண்டுகளும் இருக்கும். வளர்ப்பறையிலிருந்து தள்ளி வைக்கோலோடு சேர்த்து மக்க வைத்து, கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் போடுங்கள். நார்க் கழிவைச் சரியாகக் கழுவாமல் போட்ட மண் என்றால் தொட்டிச் செடிகளுக்குப் போடாதீர்கள், உப்பு தங்கிவிடும்.