ஏடி முத்திரை இருந்தா மட்டும் டியூரர் ஒரிஜினல் ஆகிடாது

ப்ரோ, உங்க தாத்தா பெட்டில கிடைச்ச சிங்கம், நாய், எழுதிட்டிருக்கிற பெரியவர் படம் ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரோட "புனித ஜெரோம்" தான், 1514ல செப்புத்தகட்டுல செதுக்கினது. ஏடி முத்திரையும் (AD, அவர் பேரோட முதல் எழுத்துகள்) வருஷமும் இருக்கு, ஒரிஜினலா, எவ்ளோ போகும்னு கேட்டிருக்கீங்க, அவசரப்படாதீங்க, முத்திரையை எவனும் போட்டுக்கலாம். டியூரர் உயிரோட இருக்கும்போதே இத்தாலில மார்க்அன்டோனியோ ரைமொண்டின்னு ஒரு செதுக்குக் கலைஞர், டியூரரோட மரியாள் வாழ்க்கை மரவெட்டுப் படங்களை (மரக்கட்டைல செதுக்கி அச்சடிச்சது) செப்புல காப்பி அடிச்சு அதே ஏடியையும் போட்டுட்டார்!

முதல்ல அளவு பாருங்க, சுமார் 24.7க்கு 18.8 செ.மீ. இருக்கணும், ரொம்ப வித்தியாசம்னா அங்கயே கதை முடிஞ்சுது. அப்புறம் நல்ல லென்ஸ் வச்சு ஜன்னல் நிழலைப் பாருங்க, அது பூரா கோடுதான், வரிசையா குட்டிக் குட்டிப் புள்ளி தெரிஞ்சா ஆப்செட் பிரிண்ட், அதாவது இந்தக் காலத்து மெஷின் அச்சு, ஃபிரேம் போட்டு மாட்டிக்கலாம். தகடு அழுத்தின பள்ளம் ஓரத்துல இல்லையேன்னு பயப்படாதீங்க, பழைய சேகரிப்பாளர்கள் ஓரத்தை வெட்டிடுவாங்க. பள்ளம் இருக்குன்னு சந்தோஷமும் படாதீங்க, 19ம் நூற்றாண்டுல பாரிஸ்ல அமான்-டுராண்ட்ங்கிறவர் போட்டோ வழியா தகடு செஞ்சு அச்சடிச்சதுலயும் அது இருக்கும், பின்னாடி அவரோட சிவப்பு முத்திரை இருக்கான்னு பாருங்க. காகிதத்தை வெளிச்சத்துல பிடிச்சா சீரான இடைவெளில கம்பிக்கோடு (காகிதம் செய்ற அச்சோட கம்பி விட்ட தடம்) தெரியணும், ஆனா அது மட்டும் போதாது, பின்னாடி வந்த நல்ல காகிதத்துலயும் வரும்.

தயவுசெஞ்சு தண்ணில கழுவாதீங்க, செலோடேப் ஒட்டாதீங்க. முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் போட்டோ எடுத்து போடுங்க, பாக்கலாம்.